ஒன்பது ராஜ்மா, நாலு கறுப்புக் கடலை

எனக்கு எதிர்வீட்டில் ஆறு வருஷம் ஒரு மேதை குடியிருந்தார். மேதை என்று நானாகச் சொல்லவில்லை. அவர் வீட்டுக் கதவில் பித்தளைத் தகட்டில் பேருக்கு முன்னால் 'டாக்டர்' என்று பொறித்திருந்தது. குடிவந்த வாரமே என் முழங்காலைக் காட்டப் போனேன்.

"நான் அந்த டாக்டர் இல்லீங்கம்மா. கம்ப்யூட்டர்ல டாக்டருங்க" என்றார்.

கம்ப்யூட்டருக்கும் முழங்கால் வலி வரும்போல என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

டில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் நாலு பிளாக். நாலு பிளாக்கிலும் அவரை 'டாக்டர் சாப்' என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அது போதும். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். நாற்பது வயதிருக்கும். மார்ச் மாதம் மற்றவர்கள் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதும் குரங்குக் குல்லாயைக் கழற்ற மாட்டார். 'வாங்க, போங்க' என்று மரியாதையில் ஒரு குறை வைக்க மாட்டார். புத்தியில்தான் கொஞ்சம் வைத்திருந்தார்.

என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஆர்.கே.புரத்தில் சர்க்கார் ஆபீசில் ஆயுசுக்கும் கோப்புத் தள்ளியவர். அவர் வேலையையே நான் புரிந்துகொண்டிருக்கிறேன், இதையா புரிந்துகொள்ள மாட்டேன்?

"பெரிய பெரிய கடைங்களோட பில்லுங்கம்மா. கோடிக்கணக்குல கெடக்கும். எந்தச் சாமான் வாங்கறவங்க அதுகூட எதை வாங்கறாங்கன்னு கண்டுபிடிக்கோணும்."

"அவல் வாங்குதவ வேர்க்கடலையும் வாங்குவா. இதுக்கு ஒரு படிப்பா?"

"உங்களுக்குத் தெரியுங்க. மிஷினுக்குத் தெரியாதுங்களே. ஒரே மிஷினு எல்லாப் பில்லையும் பார்த்தா வாரக்கணக்குல ஆகும். அதனால நூறு மிஷினுக்குப் பங்கு போட்டுக் குடுத்துருவோம். ஒவ்வொண்ணும் அதது பங்கை ஒரே நேரத்துல எண்ணும். கடைசியில எல்லாத்தையும் சேர்த்துக்குவோமுங்க."

"அப்ப நூத்துல ஒரு பங்கு நேரத்துல முடிஞ்சிருமே."

பெருமூச்சு விட்டார். "அங்கதானுங்க சிக்கல். வேலை செய்யற நேரத்தை விட, ஒண்ணுக்கொண்ணு பேசிக்கற நேரம் ஜாஸ்தியாப் போயிருது."

"எங்க மகளிர் மண்டலி மாதிரின்னு சொல்லுங்க."

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். ஆபீசில் போய் யார் சொன்னதாகச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

வேலையை ஆபீசோடு விட்டுவிட்டு வருகிற ரகமும் இல்லை அவர். செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் மங்கள் பஜார் போடுவார்கள். ஒருவர் போய்க் காய்கறி வாங்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தார். தானும், மனைவியும், ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரும், மச்சினனுமாக நாலு பேர் நாலு மூலையிலிருந்து கிளம்பினார்கள். கால் மணியில் வேலை முடிந்தது. அந்த வாரம் அவர்கள் வீட்டில் நாலு கட்டு கொத்தமல்லி, நாலு கிலோ வெங்காயம், ஒரு தக்காளிகூட இல்லை. தக்காளியை மற்றவர் வாங்குவார் என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தார்களாம். நினைப்பது மட்டும் ஒன்றாக நடந்திருக்கிறது.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அதுதான் அவர் என்று சொல்ல வேண்டும். எதுவும் அஞ்சு தடவை நடந்தால்தான் நடந்ததாக ஒத்துக்கொள்வார். "அஞ்சுக்குக் கீழே இருந்தா தற்செயலுங்கம்மா. அதையெல்லாம் சேர்த்தா குப்பையாப் போயிரும். விட்டுறோணும்" என்பார். லிப்டில் மூன்று தடவை மாட்டிக்கொண்டார். அவர் மனைவி வெளியே நின்று, "செக்ரட்டரிகிட்ட சொல்லித் தொலைங்க" என்று கத்தினாள். உள்ளேயிருந்து, "இன்னும் ரெண்டு ஆகட்டும்" என்று சத்தம் வந்தது. அஞ்சாவது தடவை மாட்டி வெளியே வந்த அன்றைக்குத்தான் புகார் எழுதினார்.

அந்தப் பெண் பாவம். "இவருகிட்ட உப்பு தீர்ந்துருச்சுன்னு அஞ்சு தடவை சொல்லோணுமுங்கம்மா. நாலோட நிறுத்துனா அன்னிக்கு உப்பில்லாத சாப்பாடுதான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்காமல் வேறு என்ன செய்ய?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, பால் காணாமல் போகும்வரை.

எங்கள் பக்கம் விடியற்காலையில் பால்காரர் வந்து கதவுக் கைப்பிடியில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். அந்தக் குளிர்காலத்தில் பை வெறுமனே தொங்குகிறது என்று பேச்சு வர ஆரம்பித்தது. இன்று இந்த வீடு, அடுத்த வாரம் அந்த வீடு. பாலோடு நிற்கவில்லை. ஒருத்தர் செருப்பைக் காணோம் என்றார், இன்னொருத்தர் மிதியடி. சொசைட்டி செக்ரட்டரி ஓய்வு பெற்ற அதிகாரி. ஓய்வு பெற்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எல்லாப் புகாரையும் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு பிளாக்கையும் சுற்றி வந்தார். திருடன் பயந்துவிடுவான் என்று நினைத்திருப்பார்.

டாக்டர் சாப் முன்வந்தார். "இதை நான் கண்டுபிடிச்சுத் தர்றனுங்க."

ஒவ்வொரு பிளாக் வாசலிலும் வாட்ச்மேன் ரிஜிஸ்டர் வைத்திருப்பான். உள்ளே வருகிற வேலைக்காரி, மெக்கானிக் எல்லாருடைய பேரும் நேரமும் அதில் இருக்கும். நாலு பிளாக்குக்கு நாலு தடித் தடி ரிஜிஸ்டர். பொருள் காணாமல் போன தேதிகளில் காலை ஏழு மணிக்குள் யார் யார் உள்ளே வந்தார்கள் என்று எண்ண வேண்டும். நாலையும் ஒருத்தர் பார்த்தால் நாலு நாள். நாலு பேர் பார்த்தால் ஒரே நாள். தமிழ் வீடுகளாகப் பார்த்து ஆள் பிடித்தார். பி பிளாக்குக்கு, மோதி பாக்கில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். சி, டி பிளாக்குகளுக்கு பி.ஏ. படித்த இரண்டு பெண்கள். ஏ பிளாக்குக்கு நான்.

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இந்தி பஸ் போர்டு படிக்கும் அளவுக்கு வரும். மூன்றெழுத்துக்கு மேலே போனால் பஸ் போய்விடும். ஆனால் முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. "குடுங்க, பாத்துத் தாரேன்" என்றேன்.

"பேரை எழுதி, எத்தனை தடவை வருதோ அத்தனை கோடு போடுங்கம்மா. அஞ்சு கோடு வராத பேரை அடிச்சுருங்க. மிச்சத்தை மட்டும் எங்கிட்ட குடுத்தாப் போதும்" என்றார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் தாம்பாளம். வாட்ச்மேனை ரிஜிஸ்டரைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தானியம். காலை ஆறு மணிக்கு வந்து எங்கள் பிளாக்கில் எட்டு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிற ரேகாவுக்கு ராஜ்மா. வழக்கமான பால்காரரும் பேப்பர்காரரும் பழகின முகம், அவர்கள் பேரை ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை. பால்காரர் வராத நாளில் வருகிற பதில் ஆளுக்குக் கறுப்புக் கடலை. இப்படி. வெயில் தாழும் முன்பே முடித்துவிட்டேன். பி.ஏ. படித்தவர்கள் மறுநாள்தான் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிளாக்கில் ஒன்பது புகார். நாலு நாள் பால், இரண்டு நாள் பேப்பர், ஒரு செருப்பு, ஒரு மிதியடி, ஒரு துளசித் தொட்டி. தாம்பாளத்தில் ராஜ்மா ஒன்பது. கறுப்புக் கடலை நாலு. மற்றவை ஒன்றிரண்டு. அஞ்சுக்கு மேல் ராஜ்மா மட்டும்தான். "ரேகா, ஒம்பது" என்று போய்ச் சொன்னேன். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் சொன்னேன். மிச்ச தானியத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். கோட்டை அடிக்கலாம், கடலையைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது.

மற்ற மூன்று பிளாக்கிலும் அஞ்சைத் தொட்ட பேர் ஒன்றும் இல்லை. அங்கெல்லாம் வேலைக்காரிகள் ஏழு மணிக்குப் பிறகுதான் வருவார்கள்.

டாக்டர் சாப் இங்கிலீஷில் ஒரு தாள் அடித்துக் கொடுத்தார். ஒன்பதுக்கு ஒன்பது, நூற்றுக்கு நூறு. செக்ரட்டரி அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்று மாலையே ரேகாவின் கேட் பாஸை ரத்து செய்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். பனியில் முக்காடு மட்டும்தான் தெரிந்தது. எட்டு வீடும் ஒரே நாளில் போய்விட்டது. வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு. பக்கத்து சொசைட்டியிலும் செய்தி பரவிவிட்டது, அங்கும் உள்ளே விட மாட்டேன் என்றார்கள். பாஸ் திரும்ப வராவிட்டால் அவளுக்கு அந்தப் பக்கத்தில் எந்தக் கதவும் திறக்காது.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இந்தியில் என்னைக் கேட்டாள். "மாஜி, நீங்களாவது சொல்லுங்களேன். நான் எடுப்பேனா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கணக்கு அப்படிச் சொல்லுதே, நான் என்ன செய்ய?" அவளுக்குத் தெரிந்த பாஷையில்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து, அவள் தேய்க்க வேண்டிய பாத்திரத்தை முழங்கால் வலியோடு நானே தேய்த்தேன். அப்படித் தேய்க்கும்போதுதான் அலமாரியிலிருந்த அந்தக் கிண்ணம் கண்ணில் பட்டது. நாலு கறுப்புக் கடலை. பால் போனதும் நாலு நாள்தான்.

அந்த வாரம் கிருத்திகை. நாலு பிளாக் தமிழ்ப் பெண்களும் சேர்ந்து வேன் வைத்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனோம். வழியில் டீச்சரிடம், "டீச்சர், நீங்க எந்தப் பேரையெல்லாம் அடிச்சீய?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லையே மாமி. பதில் பால்காரன் ஒருத்தன் வந்தான். நாலு கோடு. அஞ்சு இல்லையே, அதனால சிவப்புப் பேனாவால நல்லா அடிச்சுட்டேன்."

முன்சீட்டிலிருந்து சி பிளாக் பெண் திரும்பினாள். "எனக்கும் அவன் வந்தான் ஆன்ட்டி. மூணு."

"எனக்கு நாலு" என்றாள் டி பிளாக்.

"உங்களுக்கெல்லாம் என்ன காணாமப் போச்சு?"

"பால்தான்" என்றார்கள் மூன்று பேரும்.

முருகனை நான் அன்றைக்குச் சரியாகக் கும்பிடவில்லை. விரலை மடக்கிக்கொண்டே படி ஏறினேன், மடக்கிக்கொண்டே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் விபூதிகூடக் கொடுக்காமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் சாப்பாட்டு மேஜையில் என் நாலு கடலையை வைத்தேன். கையோடு கொண்டுபோன கடலை டப்பாவிலிருந்து இன்னும் நாலு, மூணு, நாலு எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"இது உங்க பதில் பால்காரன். ஒவ்வொரு பிளாக்லயும் அஞ்சுக்குக் கீழன்னு எல்லாரும் தூரப் போட்டுட்டோம். இப்பச் சேத்து எண்ணிப் பாருங்க."

பதினைந்து. நாலு பிளாக்கிலும் சேர்த்துப் பால் காணாமல் போனதும் பதினைந்து நாள்தான்.

மனிதர் குல்லாயைக் கழற்றினார். ஆறு வருஷத்தில் அந்தத் தலையை நான் பார்த்தது அன்றுதான். கடலையை விரலால் ஒரே குவியலாகச் சேர்த்தார்.

"நாலாப் பிரிச்சா அஞ்சையும் பிரிக்கோணுமுங்க. ஒரு பிளாக்குல ரெண்டு வந்தாலே அந்தப் பேரை அடிக்காம வெச்சிருக்கோணும்" என்றார். "எங்க பாடத்துல மொதல் பக்கமுங்க இது. நூறு மிஷினுக்கு மறக்காமச் செய்வேன். நாலு அம்மாங்களுக்கு மறந்துட்டேன். நீளமா எழுதச் சொன்னா கஷ்டப்படுவீங்கன்னு…"

"எங்க கஷ்டத்தை யாரு கேட்டா? அங்க ஒருத்தி பனியில நிக்கா."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஒரே ஒரு தடவை, "போங்க" என்றாள். ஒரே தடவையில் எழுந்து போனார்.

நானும் பின்னால் போனேன். செக்ரட்டரி சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "டாக்டர் சாப், போன வாரம் கம்ப்யூட்டர் அவள்தான் என்றது. இந்த வாரம் கடலை இல்லை என்கிறதா?"

"கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், தப்பாகச் சொன்னேன்" என்றார் இவர். அவருடைய இந்தி அப்போது அவ்வளவு அழகில்லை. ஆனாலும் புரிந்தது.

"அப்படியானால் இதுவும் தப்பாக இருக்கலாமே?"

நியாயமான கேள்விதான். ஒரு ஏழையை விட்டுவிட்டு இன்னொரு ஏழையைப் பிடிப்பதா? இந்த முறை டாக்டர் சாப் தாளில் எண்ணவில்லை. பதில் ஆள் அடுத்து வருகிற அன்று நாலு பிளாக்கிலும் நாலு பெண்களும் கதவைத் திறந்துவைத்து நின்றோம். ஆள் வந்தான். எல்லாக் கதவிலும் பாக்கெட் போட்டான். மாடிக்கு ஒரு கதவை மட்டும் பார்க்காததுபோல் தாண்டிப் போனான். பாலை யாரும் எடுக்கவே இல்லை, அவன் போடவே இல்லை. இல்லாத பாலுக்குத் திருடியைப் பிடித்திருக்கிறோம்.

"புது ஆள் மாஜி, வீடு தெரியல" என்றான். வீடு தெரியாதவன் ஒவ்வொரு மாடியிலும் சரியாக ஒரே ஒரு வீட்டை மறக்கிறான். மறதியில் இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை.

மற்ற திருட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் தானே வீடு திரும்பியது. மிதியடி சொந்தக்காரரின் கார் டிக்கியில் கிடந்தது. செருப்பு கீழ்வீட்டு நாயின் படுக்கையில் இருந்தது. துளசித் தொட்டியை அந்த வீட்டு மருமகளே பால்கனிக்கு மாற்றியிருந்தாள், மாமியாரிடம் சொல்லாமல். பேப்பர் அந்த இரண்டு நாளும் அச்சாபீஸ் விடுமுறை.

பன்னிரண்டாம் நாள் பாஸ் திரும்ப வந்தது. அதைச் செக்ரட்டரி கையிலிருந்து வாங்கி, காலை ஆறு மணிக்கு டாக்டர் சாப் தானே கேட்டில் நின்றார். மன்னித்துக்கொள் என்றார். ரேகா பாஸை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சாப், என் பேர் எத்தனை தடவை வந்தது?"

"ஒன்பது."

"ஏதோ காணாமல் போன ஒன்பது நாள் நான் வந்தேன். சரி. ஒன்றுமே காணாமல் போகாத நாளெல்லாமும் நான்தானே வந்தேன்? அதை யார் எண்ணினார்கள்?"

வெளிநாட்டுக்கெல்லாம் போய்ப் பேசிவிட்டு வந்தவர், கேட்டை மட்டும் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மறுநாள் அவள் அவர் வீட்டுக்குள் வந்ததும் பாத்திரத்தைத் தொடவில்லை. பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டு ஒன்றை நீட்டினாள். "நேற்று நான் வந்து போனேன். ஒன்றும் காணாமல் போகவில்லை. எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்." போட்டார். அதற்கு மறுநாளும் நீட்டினாள். அவர் போட்டார். இரண்டு வருஷம் ஒருநாள் விடாமல் இது நடந்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் கட்டிலுக்கு நோட்டு போனது. அவருடைய இந்தி எழுத்து முத்து முத்தாக ஆனதுதான் சொசைட்டிக்குக் கிடைத்த லாபம்.

பிறகு ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போனார். சாமான் கட்டும் நாளில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ரேகாவிடம் கேட்டார். "அந்த நோட்டுகளை எனக்குத் தருவாயா?"

"எதற்கு சாப்? உங்களுக்கு வேண்டியதை நீங்கள் எண்ணினீர்கள். இது நான் எண்ணியது" என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைக்கப் போய்விட்டாள்.

அந்த நோட்டை அவள் என்னிடம் ஒருநாளும் நீட்டியதில்லை. ஒன்பது ராஜ்மாவை எண்ணியது யார் என்று அவளுக்குத் தெரியாது. வாட்ச்மேன் வாயைத் திறக்கவில்லை, படித்துச் சொன்னவன் அவன்தானே. டாக்டர் சாப் இரண்டாவதாக ஒரு தாள் எழுதி லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. நாலு பிளாக், பதினைந்து நாள், அஞ்சைப் பிரிக்காதது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். 'எண்ணியதும் நான், தவறியதும் நான்' என்று முடித்திருந்தார். என் வீட்டுக்காரர் படித்துச் சொன்னார்.

டாக்டர் சாப் ஹைதராபாத்துக்குக் கிளம்புகிற அன்று லிப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினோம். கேட்டுவிட்டேன். "தாள்ல எல்லாத்தையும் எழுதுனீயளே, என் பேரை மட்டும் ஏன் விட்டீய?"

"எதுக்குங்கம்மா?"

"ஒம்பதுன்னு வந்து சொன்னது நாந்தானே."

"ஒரு தடவைதானுங்களே சொன்னீங்க" என்றார், குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு. "அஞ்சுக்குக் கீழே இருந்தா விட்டுறலாமுங்கம்மா."

ரேகா இன்றும் எனக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறாள். ராஜ்மா டப்பாவை மேல்தட்டில், கண்ணில் படாமல், பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். முழங்காலோடு என்னால் ஏற முடியாது. வேண்டும்போது அவள்தான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துத் தருகிறாள்.